வாட்ச்மேன் டீ குடிக்கப் போனால் நின்றுபோகும் மிஷின்

வங்கிக் கவுண்டரில் என்ட்ரி போட நிற்கும் வரிசையைக் குறைக்க வந்ததுதான் பாஸ்புக் மிஷின். புத்தகத்தில் ஒட்டிய பார்கோடைப் படித்து, இது யாருடைய கணக்கு, எந்த வரி வரை ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது என்று வங்கியின் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். மீதி வரிகளை அடித்துப் புத்தகத்தைத் திருப்பித் தரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையின் முன்கூடத்தில், ஏ.டி.எம்.முக்கு அடுத்தாற்போல், இப்படி ஒன்று நிற்கிறது. மிஷின் எப்படிப் போகிறது என்று கேட்டால் கிளை மேலாளருக்குக் குறை ஒன்றும் இல்லை. கவுண்டரில் கூட்டம் குறைந்திருக்கிறது, புகார்ப் புத்தகத்தில் மிஷினைப் பற்றி ஒரு வரி கிடையாது. மிஷினின் பதிவிலும் அதே கதைதான்: வெற்றி, வெற்றி, வெற்றி.

அந்த வெற்றியைச் சம்பாதித்துக் கொடுப்பவர் யார் என்பது முன்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே தெரிந்துவிடும். வாசலில் ஒரு வாட்ச்மேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மாவட்டத்து வங்கிகளில் அப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கலாம். ஆள் உள்ளே நுழைந்ததும் கையை நீட்டுவார், புத்தகம் கைமாறும். கடைசியாக அச்சான பக்கத்தைப் புரட்டி எடுத்து, புத்தகத்தை முதுகுப்புறமாக ஒருமுறை மடக்கி, நடுமடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி நீவுவார். நீவாவிட்டால் மடிப்பு புடைத்துக்கொண்டு உள்ளே சிக்கும். திரை மொழியைக் கேட்கும்போது ஆங்கிலத்தைத் தொடுவார். மிஷினைச் சோதித்துப் பார்க்கப் போயிருந்த நாங்கள் ஏன் என்று கேட்டோம். “தமிழைத் தொட்டா எழுத்து பாதி வெளிய போயிரும் சார்.” தொட்டுப் பார்த்தால் உண்மைதான். பொத்தானை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து செய்திருக்கிறார்கள். தமிழில் ‘பக்கத்தைப் புரட்டி மீண்டும் செரு’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது.

அவர் டீ குடிக்கப் போனால் வேலை நின்றுவிடும். மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், திரையில் வீட்டுக்கடன் விளம்பரம் வந்து வந்து போகும். ஆனால் புத்தகத்தோடு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். “அண்ணாச்சி வந்திரட்டும்.” மாலையில் அவருடைய ஷிப்ட் முடிந்த பிறகும் முன்கூடம் திறந்துதான் இருக்கும். அந்த நேரத்தில் ஏ.டி.எம்.முக்கு ஆள் வரும், பாஸ்புக் மிஷினுக்கு அநேகமாக வராது.

மனிதன்-கணினி உறவு பற்றிய ஆய்வுகளில் இந்த இடையாள் புதியவர் இல்லை. நித்யா சாம்பசிவனும் அவருடன் வேலை செய்தவர்களும் பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் பார்த்து 2010-இல் எழுதியது இதைத்தான்: கருவியைத் தொடுகிறவர் ஒருவர், பலனை எதிர்பார்த்து நிற்பவர் இன்னொருவர். பயன்பாட்டுச் சோதனை (கருவியை ஆட்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது) என்று சொல்லிக்கொண்டு தொடுகிறவரை மட்டும் சோதித்தால் பாதிதான் கையில் வரும். நாங்கள் பார்த்த கிளையில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே. தொடுகிறவரைச் சோதித்திருந்தால் மிஷினுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும், ஏனென்றால் எல்லோருக்காகவும் தொடுகிறவர் அவர் ஒருவர்தான்.

‘படிக்காத சனங்க, அதனால அப்படி’ என்ற விளக்கத்தைப் பலர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் இடம். பெஞ்சில் காத்திருந்த பெரியவர்களில் சிலர் அதுவரை தினத்தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள். இந்த ஊரில் அந்த விளக்கம் செல்லாது. சோதனைக்கு இந்த மாவட்டம் நல்ல இடம் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: எழுத்தறிவு என்ற சாக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிஷினை மட்டும் பார்க்கலாம்.

சோதனை நடந்த விதம்

முதலில் வெறுமனே பார்த்தோம். பிறகு, மேலாளரின் அனுமதியோடு, வாட்ச்மேன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார ஒத்துக்கொண்டார். விருப்பப்பட்டவர்களிடம் ஒரு பாஸ்புக்கைக் கொடுத்து, என்ட்ரி போட்டுத் தரச் சொன்னோம். அடுத்தவர் கணக்கை நாங்கள் பார்க்கக் கூடாது என்பதால் கொடுத்தது என்னுடைய புத்தகம். இதில் ஒரு சிக்கல். ஒரு முறை அச்சானதும் அடுத்தவருக்கு அச்சடிக்கப் புதிதாக வரியே இருக்காது. ஆகவே ஒவ்வொருவருக்கும் முன்னால் நண்பர் ஒருவர் யு.பி.ஐ.யில் எனக்கு ஒரு ரூபாய் அனுப்புவார். பக்கம் முடிகிற நிலையைச் சோதிக்க வேண்டிய நாளில் வரிசையாக ஒரு ரூபாயாகத் தட்டிக்கொண்டே இருந்தார். என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த வட்டாரத்தில் கணிசமான பேருக்கு இப்போது தெரியும்.

சதவீதங்களை இங்கே தரப்போவதில்லை. கோளாறுகளைக் கண்டுபிடிப்பதற்கான சின்னச் சோதனை இது, அளவெடுப்பதற்கானது இல்லை. ‘ஐந்து பேர் போதும்’ என்ற பேச்சு இந்தத் துறையில் பிரபலம். நீல்சனும் லாண்டௌவரும் 1993-இல் கொடுத்த கணக்கு அது: ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளில் மாட்டுவார் என்றால், ஐந்து பேருக்குள் 85 சதவீதம் அளவுக்கு வெளியே வந்துவிடும். ஆனால் 2001-இல் ஸ்பூலும் ஷ்ரோடரும் சில இணையதளங்களில் முதல் ஐந்து பேரைக் கொண்டு பார்த்தபோது 35 சதவீதம்தான் வந்தது. பயன்படுத்துகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் என்றால் முதல் கணக்கு சரி. ரப்பர் பால்வெட்டப் போகிறவர், துபாயில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தைப் பார்க்க வரும் தாய், கல்லூரிப் பையன் என்று வந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஆள் வேண்டும். நாங்கள் வகை பார்த்துத்தான் எடுத்தோம்.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்பது இந்தத் துறையில் பழைய, நல்ல முறை. இங்கே அது எடுபடவில்லை. தனியாக நிற்கிறவர் மிஷினிடம் பேசமாட்டார், எங்களைப் பார்த்துத் திரும்பி “சரிதானே சார்?” என்பார். ஆகவே இரண்டு இரண்டு பேராக விட்டோம். நவோமி மியாகே 1986-இல் விவரித்த வழி இது: இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொருளை என்னவென்று கண்டுபிடிக்கும்போது பேச்சு தானாக வரும். வங்கிக்குத் துணையோடு வருவது இந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கமும் கூட. “இதில வைக்காண்டாம், மேல வை”, “நில்லு, என்னமோ எழுதிக் காட்டுது” என்று அவர்களுக்குள் ஓடிய பேச்சில் நாங்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது.

முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டதை மட்டும் சீக்கிரமே விட்டுவிட்டோம். எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள், புத்தகம் சிக்கிக்கொண்டவரும் சொன்னார். நிக்கோலா டெல் குழுவினர் 2012-இல் பெங்களூரில் காட்டியது நினைவுக்கு வந்தது: ஒரே மாதிரியான இரண்டு கருவிகளில் கேள்வி கேட்பவர் செய்தது இதுதான் என்று தெரிந்தால், மற்றதைவிட அதையே நல்லது என்று சொல்பவர்கள் 2.5 மடங்கு, கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. வந்த ஆளின் மனம் நோகக் கூடாது என்ற மரியாதைதான் அது. அந்த மரியாதையை வைத்துக்கொண்டு மிஷினுக்கு மதிப்பெண் போட முடியாது.

புத்தகம் வெளியே வந்தால் வேலை முடிந்தது

சின்னச் சிக்கல்களை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகப்புத் திரையில் விளம்பரம்தான் பெரிது. ‘தொடங்கத் திரையைத் தொடவும்’ என்ற வரி அடியில் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. யாரும் அதைப் பார்ப்பதில்லை, நேராகப் புத்தகத்தைச் செருகப் போகிறார்கள். ஏ.டி.எம். பழக்கம் அது. அங்கே கார்டை வைத்த பிறகுதான் மிஷின் பேச ஆரம்பிக்கும். இங்கே தொடாமல் செருகினால் ஒன்றும் நடக்காது, ‘மிஷின் கேடு’ என்று பெஞ்சுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீல்சனும் மோலிக்கும் 1990-இல் முன்வைத்த முறைப்படி, தெரிந்தவர்கள் உட்கார்ந்து ஒரு பட்டியலை வைத்துத் திரையைத் தணிக்கை செய்தாலே இந்த வகைச் சிக்கல் பிடிபடும். எங்களுக்கும் அப்படித்தான் பிடிபட்டது.

தொடுதிரை வேறொரு விதத்தில் ஆட்களைக் கைவிட்டது. சுற்று வட்டாரத்தில் முந்திரி ஆலைகள் நிறைய. ஊர் வழக்கில் அண்டி ஆபீஸ். தோட்டில் இருந்து கசியும் எண்ணெய், தோடு உடைக்கும் பெண்களின் விரல்நுனியை அரித்து, ரேகை தேய்ந்து, தோல் காய்ந்து தடித்திருக்கும். விரல் கடத்தும் மின்சாரத்தை உணர்ந்து வேலை செய்கிற திரை இது. காய்ந்த தோலை அது சில சமயம் உணர்வதே இல்லை. திரை கேட்கவில்லை என்றதும் நகத்தால் ஓங்கிக் குத்துகிறார்கள். நகம் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே எவ்வளவு ஓங்கினாலும் பயன் இல்லை. ஏ.டி.எம்.மில் பக்கவாட்டில் நிஜப் பொத்தான் இருந்தால் இவர்களே தடையில்லாமல் பணம் எடுக்கிறார்கள்.

இனி பெரிய சிக்கல். பக்கம் நிறைந்துவிட்டால் மிஷின் புத்தகத்தை வெளியே தள்ளி, பக்கத்தைப் புரட்டித் திரும்ப வைக்கச் சொல்லும். சொல்வது திரையில், ஒரு சின்ன ‘பீப்’போடு. சோதனையில் இந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, கிளம்பிவிட்டார்கள். திரையில் கோரிக்கை நின்றுகொண்டே இருக்கிறது, ஆள் வாசலைத் தாண்டிவிட்டார். கல்லூரிப் பையன்களும் இதில் விதிவிலக்கில்லை.

இதன் மறுபக்கம் ஏ.டி.எம். ஆய்வுகளில் நன்றாகப் பழக்கமானது. முதலில் பணத்தையும் பிறகு கார்டையும் கொடுத்த மிஷின்களில் கார்டை மறந்துவிட்டுப் போனார்கள். வந்த காரியம் பணம். அது கைக்கு வந்ததும் மனம் வேலையை மூடிவிடும், மிச்சம் இருக்கும் படி விழுந்துபோகும். பைர்ன், போவேர் இருவரும் 1997-இல் இந்த வகைப் பிழையைச் சோதனைக்கூடத்தில் விரிவாகக் காட்டினார்கள். கார்டை முதலில் எடுத்தால்தான் பணம் என்று வரிசையை மாற்றியதும் தொல்லை குறைந்தது. பாஸ்புக் மிஷினில் அந்தத் தந்திரத்துக்கு இடமே இல்லை. இங்கே புத்தகமே கார்டு, புத்தகமே பணம். அது கையில் வந்தால் இரண்டும் வந்துவிட்டது.

கிளம்பியவரோடு முடிவதில்லை. திரை இன்னும் அவருடைய கணக்கிலேயே நிற்கும்போது அடுத்தவர் தன் புத்தகத்தை வைப்பார். ‘தவறான பாஸ்புக். பரிவர்த்தனை ரத்து’ என்று வரும். ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “மக்களே, பைசா ஏதும் போச்சா?” என்று கேட்டார். அச்சடிக்க வந்தவரிடம் பரிவர்த்தனை ரத்து என்று சொன்னால் வேறு என்ன நினைப்பார்?

பக்கம் முடிவது அரிதான சங்கதி என்று நினைத்துத்தான் இதை இப்படி வடிவமைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மாதத்துக்கு நாலைந்து வரி விழுந்த காலத்தில் அது சரி. 2016-இல் யு.பி.ஐ. வந்தது, இப்போது பத்து ரூபாய் டீக்கும் ஒரு வரி. பையன்களின் புத்தகத்தில் ஒரே தடவையில் பல பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. ஜப்பானிய ஏ.டி.எம்.களில் மிஷினே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளும் வசதி உண்டு. நம் கிளைக்கு அந்த விலையில் மிஷின் வராது.

இன்னொன்று, சத்தமில்லாத தோல்வி. எதற்காக என்ட்ரி போடுகிறீர்கள் என்று கேட்டால் ‘அச்சடிக்க’ என்று யாரும் சொல்வதில்லை. முதியோர் பென்ஷன் வந்ததா, மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் விழுந்ததா, ரப்பர் ஷீட் விற்ற காசைக் கடைக்காரர் போட்டுவிட்டாரா என்று பார்க்கத்தான் வருகிறார்கள். மிஷின் அடித்துத் தருவதோ ஆங்கில எழுத்துச் சுருக்கங்களும் நீள நீள எண்களும். அதைப் படிக்கத் திரும்பவும் வாட்ச்மேன், இல்லையென்றால் பக்கத்து ஜெராக்ஸ் கடை. புது வரி எதுவும் இல்லாவிட்டால் ‘அச்சிட ஒன்றுமில்லை’ என்று வரும். பென்ஷன் இன்னும் வரவில்லை என்பதற்கு மிஷின் சொல்லும் பதில் அது. கேட்டவர்களுக்கோ மிஷின் வேலை செய்யவில்லை என்று படுகிறது, மறுபடி மறுபடி செருகிப் பார்க்கிறார்கள். பயன்பாட்டுத்தன்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9241-11 என்ற சர்வதேசத் தரம் 1998-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது. யார், எந்த நோக்கத்துக்காக, எந்தச் சூழலில் என்பதைச் சொல்லாமல் ‘பயன்படுத்த எளிது’ என்று பேசவே முடியாது என்பது அதன் அடிப்படை. மிஷினின் நோக்கம் அச்சு. வந்தவரின் நோக்கம் ஆயிரம் ரூபாய். பதிவில் விழுந்த ‘வெற்றி’ முதலாவதற்கு மட்டும்.

அட்டைப்பெட்டி மிஷின்

மாற்று வழிகளைச் சோதிக்க மென்பொருள் தேவைப்படவில்லை. டி.வி. வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துளை, உள்ளே என்னோடு வேலை செய்யும் தோழி. புத்தகத்தை இழுப்பதும் தள்ளுவதும் குரல் கொடுப்பதும் அவர். 1980-களில் ஜான் கெல்லி ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்று பெயர் சூட்டிப் பரவலாக்கிய முறைதான். மிஷின் இருப்பதாகக் காட்டி, பின்னால் இருந்து ஆள் இயக்குவது. சுயஉதவிக் குழுக் கூட்டம் நடக்கும் ஒரு வீட்டு முற்றத்தில் வைத்தோம். சிரிப்புக்குக் குறைவில்லை, ஆனால் புத்தகம் துளைக்குள் போன நொடியில் எல்லோரும் மிஷினாகவே நடத்தினார்கள்.

செருகினாலே வேலை தொடங்கும் என்று மாற்றியதும் முதல் தடை மறைந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பக்கம் புரட்டும் கட்டத்தில்தான் பாடுபட்டோம். புத்தகத்தை முழுதாக விடாமல் பாதி வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, ‘இன்னும் முடியவில்லை’ என்று குரல் கொடுத்தால் நிற்பார்கள் என்று நினைத்தோம். நிற்கவில்லை, இழுத்தார்கள். உள்ளே தோழி ஒரு பக்கம், வெளியே ஓர் அக்கா ஒரு பக்கம். நிஜ மிஷினாக இருந்திருந்தால் புத்தகம் கிழிந்திருக்கும். அப்புறம் வரிசையை மாற்றினோம். புத்தகம் இன்னும் உள்ளே இருக்கும்போதே, ‘பக்கம் முடிஞ்சிட்டு. புத்தகம் வெளிய வரும், அடுத்த பக்கத்தைப் புரட்டித் திரும்ப வையுங்க’ என்று குரல்; அது முடிந்த பிறகுதான் புத்தகம். இதில் ஆட்கள் நின்றார்கள். கையில் புத்தகம் வந்த பிறகு சொல்வது எதுவும் காதில் விழுவதில்லை, வருவதற்கு முன் சொன்னால் விழுகிறது.

கடைசியாக வந்த தொகையைத் திரையில் பெரிய எழுத்தில் தமிழில் காட்டலாம் என்ற யோசனையை அந்த முற்றமே தள்ளிவிட்டது. “எனக்க பைசா வந்தது வரிசையில நிக்கிற எல்லாவனுக்கும் தெரியணுமா?” என்றார் ஒருவர். கேட்டதில் தப்பில்லை, வங்கி முன்கூடத்தில் பின்னால் நிற்பவர் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார். புத்தகத்திலேயே, அந்த வரிக்கு நேரே, ‘முதியோர் பென்ஷன்’ என்று தமிழில் அச்சாவது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கிளை தன் அதிகாரத்தில் செய்ய முடிந்ததைச் செய்தது. முகப்பு விளம்பரத்தை எடுக்கச் சொல்லி எழுதினார்கள், எடுக்கப்பட்டது. துளைக்கு மேலே ‘புத்தகம் வெளியே வந்தாலும் திரையைப் பாருங்கள்’ என்று ஒரு ஸ்டிக்கர். அதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. வாட்ச்மேன் கைகாட்டிச் சொல்ல அது உதவுகிறது. குரலையும் வரிசையையும் மாற்றுவது மிஷினைக் கொடுத்த நிறுவனத்தின் கையில். எங்கள் அறிக்கைக்கு அவர்கள் கேட்டு அனுப்பிய முதல் கேள்வி, இதுவரை எத்தனை புகார் வந்திருக்கிறது என்பது.

புகார் வராது, வரவேண்டிய இடத்தில் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். பயன்பாட்டுச் சோதனை முடிவுகளை எப்படி எழுதித் தர வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 25062 என்று 2006-இல் வந்த ஒரு படிவம் இருக்கிறது. உதவியோடு முடித்தவர்களையும் உதவியில்லாமல் முடித்தவர்களையும் தனித்தனிக் கட்டத்தில் போடச் சொல்கிறது அது. எங்கள் அறிக்கையைத் திருப்பி அந்தப் படிவத்தில் எழுதி அனுப்பினோம். மிஷின் வாங்கும் டெண்டரிலேயே இந்த இரண்டு கட்டங்களையும் கேட்க வேண்டும் என்று மேலாளர் தன் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். உதவி என்பதில் வாட்ச்மேன் செய்வதும் அடங்கும் என்று அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது நாங்கள்.